மூன்று கையெழுத்துக்கு ஒரு டிரைவர்

எண்பதுகளின் தொடக்கத்தில் நர்சிங் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மாதப் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே நடந்த கூத்தில் அதற்குப் பங்கில்லை, எங்கள் மூன்று பேருக்குத்தான். மூன்று பேர் என்றால் நான், ஒரு பயிற்சி டாக்டர், மருந்தாளுநர் படிப்புப் படித்துக்கொண்டிருந்த ஒருவர்.

பயிற்சி டாக்டர் மெட்ராஸ்காரர். டீக்கடைக்குப் போகும்போதும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கும். நர்சுகளிடம் பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், கையிலிருக்கும் காகிதத்தைப் பார்த்துத்தான் பேசுவார். மருந்துக்காரர் லால்குடிப் பக்கம். "கம்பவுண்டர்" என்று யாராவது கூப்பிட்டால் மூக்கு சிவந்துவிடும். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது, அதனால் பாதி நாள் சிவந்த மூக்கோடுதான் திரிந்தார். என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் முந்திரிக்காட்டு ஊர்க்காரி. வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். எனக்கும் மருந்துக்காரருக்கும் முதல் நாளே சண்டை. அந்த ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு ஸ்பிரிட் விளக்குதான் இருந்தது. சர்க்கரை பார்க்க மூத்திரம் காய்ச்ச எனக்கு அது வேண்டும், களிம்பு உருக்க அவருக்கு அது வேண்டும்.

தலைமை டாக்டரம்மாவுக்கு ஒரு யோசனை. சர்க்கரை நோயாளியை டாக்டர் ஒரு பக்கம் பார்க்கிறார், நர்ஸ் ஒரு பக்கம் பார்க்கிறாள், மருந்து கொடுப்பவர் ஒரு பக்கம் பார்க்கிறார், மூவரும் சேர்ந்து படித்தால் என்ன என்று. இன்றைக்கு இதற்குக் கருத்தரங்கெல்லாம் வைக்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு அது விபரீதமாகப் பட்டது. "மூணு பேருக்கும் ஒரே நோயாளி. ஒரே ரிப்போர்ட். அடியில மூணு கையெழுத்து. அரியலூர்ல டாக்டர்கள் கூட்டத்துல நீங்களே படிக்கணும். ஒருத்தர் ஃபெயில்னா மூணு பேரும் ஃபெயில்," என்றார்.

எங்களுக்கு வாய்த்த நோயாளி ஒரு பஸ் டிரைவர். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் ஓடும் தனியார் வண்டி. ஐம்பது வயது, கனத்த உடம்பு, ஹாரனே தேவையில்லாத குரல். வலது கால் கட்டைவிரலில் ஒரு புண், மூன்று மாதமாக ஆறவில்லை.

டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். "சர்க்கரை எறங்கலேன்னா வெரல எடுக்க வேண்டி வரும்."

"வெரலு போனா வண்டி ஓட்டலாங்களாம்மா?"

"பிரேக் மிதிக்கிற கால் அது. உங்க மொதலாளி விட மாட்டாரு."

டிரைவர் தன் காலைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொன்னாலும் கேக்குறேங்க. இருவது வருசமா விசிலுக்குக் கட்டுப்பட்டவன். ஒரு விசிலுன்னா நிப்பேன், ரெண்டுன்னா எடுப்பேன். ஏன் அடிச்சன்னு கண்டக்டர ஒரு நாள் கேட்டதில்லீங்க," என்றார்.

இப்படி ஒரு நோயாளி கிடைப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்தோம்.

நாங்கள் மூவரும் ஒற்றுமையாக எடுத்த ஒரே முடிவு, வாரத்தைப் பிரித்துக்கொண்டது. திங்கள், வியாழன் எனக்கு. செவ்வாய், வெள்ளி டாக்டருக்கு. புதன், சனி மருந்துக்காரருக்கு. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் சேர்ந்து படிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆளுக்கொரு நோட்டு வைத்துக்கொண்டோம். அடுத்தவர் பார்த்துவிடக் கூடாதென்று நான் என்னுடையதைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினேன்.

அப்போது விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவியெல்லாம் எங்கள் பக்கம் வரவில்லை. ஒரு நீலக் கரைசலில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் மோசம். டிரைவர் தினமும் காலை வண்டியை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்துவார். கண்டக்டர் ஒரு பழைய டானிக் பாட்டிலைப் பயபக்தியோடு கொண்டுவந்து நீட்டுவார். காய்ச்சுவது மட்டும் தினமும் என் வேலை, வராந்தாவில் நின்று காய்ச்சுவேன். நாற்பது பயணிகளும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டிருப்பார்கள்.

"என்ன கலரு சிஸ்டர்?"

"செங்கல்."

வண்டி முழுக்க ஒரு பெருமூச்சு. "நேத்து எங்கயோ கைய நனைச்சிருக்காருய்யா" என்று ஒரு குரல். டிரைவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி குனிந்துகொள்வார். கோர்ட்டுக்குப் போக வேண்டியவர்கூட நிறம் தெரியாமல் வண்டியை எடுக்க விட மாட்டார்.

இப்படி ஒரு கூட்டம் கிடைத்தால் நான் சும்மா இருப்பேனா? ஒரு நாள் பஸ்ஸில் ஏறி நின்று பிரசங்கம் செய்தேன். "இவருக்கு இனிப்புங்கறது விஷம். வெல்லம், சர்க்கரை, மிட்டாய் எதையும் யாரும் குடுக்கக் கூடாது. அவரே கெஞ்சிக் கேட்டாலும் குடுக்கக் கூடாது. குடுத்தா அந்தப் பாவம் உங்களத்தான் சேரும்." கைதட்டினார்கள். சின்ன வெங்காயம் வியாபாரம் செய்யும் ஓர் அம்மா அந்த வண்டியில் தினமும் வருவார். அவர் எழுந்து, "நாங்க பாத்துக்கிறோம் கண்ணு. எங்கள மீறி ஒரு கல்கண்டு உள்ள போவாது," என்று வாக்குக் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வாக்கைக் காப்பாற்றவும் செய்தார்கள். டீக்கடையில் டிரைவருக்குச் சர்க்கரை போட்ட டீ வந்தால் நான்கு பேர் பாய்ந்து தட்டிவிட்டார்கள். ஒரு கல்யாணப் பார்ட்டி கொடுத்த லட்டைக் கண்டக்டர் பிடுங்கித் தானே தின்று தியாகம் செய்தார்.

அப்படியும் நிறம் மஞ்சளுக்குக் கீழே இறங்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. விசாரித்ததில், கடைசி டிரிப் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் ஆறு பரோட்டா சாப்பிடுகிறார் என்று தெரிந்தது. "ராத்திரிச் சாப்பாடே வேணாம்ணே. மோர் மட்டும் குடிங்க," என்றேன். "சரிங்க சிஸ்டர்," என்றார். மூன்றே நாளில் மஞ்சள் பச்சையானது. என் நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டேன்.

அடுத்த வாரம் டாக்டர் தன் பங்குக்கு ஒன்று கண்டுபிடித்திருக்கிறார். காலையில் எட்டு இட்லி, மேலே பொங்கல். "மார்னிங் டிபன் கட்," என்றாராம். "சரிங்க சார்." மருந்துக்காரர் ஒரு சனிக்கிழமை மத்தியானச் சோற்றைப் பிடித்துக்கொண்டார். அரிசி முழுக்கச் சர்க்கரைதான், தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். "சரிங்க தம்பி." அதற்கு முந்தின நாள்தான் டாக்டர் சர்க்கரைக்கான மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டாக்கியிருந்தார். இவையெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை. அவரவர் ஒரு வேளையைத்தான் நிறுத்தினோம், மற்ற இரண்டு வேளை இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்கினோம்.

ரிப்போர்ட் படிக்க வேண்டிய திங்கட்கிழமை காலை நான் காய்ச்சியபோது கரைசல் அப்படியே நின்றது. சுத்தமான நீலம். குழாயைத் தூக்கிப் பஸ்ஸுக்குக் காட்டினேன். வண்டிக்குள் விசில் பறந்தது, யாரோ தகரப்பெட்டியைத் தட்டினார்கள். டிரைவர் மட்டும் வெளிறிய முகத்தோடு லேசாகச் சிரித்தார். நீலத்தைப் பார்த்த கண்ணால் நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

அதே வண்டியில் நாங்கள் மூவரும் அரியலூர் கூட்டத்துக்குக் கிளம்பினோம். முன் சீட்டில் உட்கார்ந்து, நீலம் யாரால் வந்தது என்று குரலை அடக்கிக்கொண்டு சண்டை போட்டோம். டாக்டர் மாத்திரையால் என்றார். மருந்துக்காரர் தன் ஆலோசனையால் என்றார். நான் மோரால் என்றேன். முதல் கையெழுத்து யாருடையது என்பதும் தீரவில்லை.

பாதி வழியில், இரண்டு பக்கமும் பருத்திக்கொல்லையாக இருந்த இடத்தில், வண்டி வேகம் குறைந்தது. மெதுவாக ஓரம் ஒதுங்கி நின்றது. டிரைவர் திரும்பி, "சமயபுரம் வந்திருச்சு. எல்லாரும் எறங்குங்க," என்றார்.

சமயபுரம் அந்தப் பாதையிலேயே கிடையாது. அப்படியும் இரண்டு பேர் இறங்கிவிட்டார்கள்.

நான் எழுந்து ஓடினேன். அவர் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. கண் என்னைப் பார்த்தது, ஆனால் ஆள் தெரியவில்லை. சர்க்கரை தாழ்ந்துபோனால் இப்படித்தான் ஆகும் என்று பாடத்தில் வந்து, பரீட்சையில் நான் நன்றாக எழுதிய கேள்வி.

"குளூக்கோஸ் ஊசி! சீக்கிரம்!" என்று டாக்டர் கையை நீட்டினார். ஆபரேஷன் தியேட்டர் என்று நினைப்பு.

"சேலைக் கொசுவத்துல வச்சிருக்கேன், எடுத்துத் தரவா?" என்றேன். பயத்திலும் என் வாய் அடங்கவில்லை.

"ஊசி வேணாம் சார், முழிப்பு இருக்கு, முழுங்குவாரு. வெல்லம் போதும், தண்ணில கரைச்சுக் குடுக்கலாம்," என்றார் மருந்துக்காரர். அந்த ஆள் பேசியதில் நான் முதன்முதலாக ஒப்புக்கொண்டது அதைத்தான்.

நான் பஸ்ஸைப் பார்த்துக் கத்தினேன். "வெல்லம், சர்க்கரை, மிட்டாய், யார்கிட்ட என்ன இருக்கு? குடுங்க சீக்கிரம்!"

ஒருவரும் அசையவில்லை. நாற்பது பேரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். யாரோ ஒரு பையை மெல்ல சீட்டுக்கடியில் தள்ளினார்கள். வெங்காயக்கார அம்மா அன்று சிறுவாச்சூர்க் காளி கோவிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார். மடியில் தூக்குவாளி. அதில் மாவிளக்கு மாவு, பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்தது, வாசனை முன் சீட்டுவரைக்கும் வந்தது.

"அத குடும்மா," என்று கையை நீட்டினேன்.

அவர் வாளியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். "மாட்டேன் கண்ணு."

"ஏம்மா?"

"நீதானே சொன்ன, வெசமுன்னு? அவரே கெஞ்சுனாலும் குடுக்காதீங்கன்ன. இப்ப நீ கெஞ்சுற. என்னைய சோதிச்சுப் பாக்குறியா?"

"ஐயோ, அது அப்பம்மா. இப்ப சர்க்கரை கொறஞ்சுபோச்சு."

"கொறையணும்னுதானே இம்புட்டு நாளா பாடுபட்டோம்? காலைல நீலம்னு நீதானே தூக்கிக் காட்டுன?"

என் மாணவியிடம் நானே தோற்று நின்றேன். அந்த அம்மா என்னை விட்டுவிட்டு டாக்டரைப் பார்த்தார். "டாக்டர் சார், நீங்க சொல்லுங்க. குடுக்கலாமா?"

"குடுக்கணும்மா. உடனே."

"கம்பவுண்டர் தம்பி, நீ?"

"குடுங்கம்மா, காலுல விழறேன்," என்றார் அவர். மூக்கு சிவக்கவே இல்லை.

"மூணு பேரும் ஒண்ணாச் சொல்றீங்கல்ல? பாவம் என்னையச் சேராதே?"

"சேராது!" என்று மூவரும் ஒரே குரலில் கத்தினோம். வாளி கைமாறியது. மருந்துக்காரர் தண்ணீரில் மாவைக் கரைத்தார். டாக்டர் டிரைவரின் தலையைத் தாங்கிப் பிடித்தார். நான் வாளி மூடியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். மூன்று வாரத்தில் நாங்கள் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான்.

கால் மணி நேரம் ஆனது. டிரைவர் கண்ணைக் கசக்கி, உதட்டில் ஒட்டியிருந்த மாவை நக்கினார். உடனே திடுக்கிட்டு, "ஐயையோ, இனிப்பா இருக்கே! யாரு குடுத்தது?" என்றார். நாற்பது பேரும் எங்கள் மூவரையும் காட்டினார்கள்.

"அண்ணே, கடைசியா எப்பச் சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

"எதச் சாப்பிடச் சொன்னீங்க?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். "சார் காலைல வேணாம்னாரு. தம்பி மத்தியானம் வேணாம்னாரு. நீங்க ராத்திரி வேணாம்னீங்க. சனிக்கெழமலேருந்து மோருதாங்க, நடுவுல வெள்ளரிக்கா. வூட்டுல நேத்து கறிக்கொழம்பு. அவ அழுதா, நான் தொடல."

"பசிக்குதுன்னு சொல்லக் கூடாதாண்ணே?"

"மூணு பேரும் படிச்சவங்க. பேசி வச்சுத்தான் சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன் சிஸ்டர்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொள்ளவும் இல்லை. ஒரு மனுஷன் எங்களை நம்பிப் பட்டினி கிடந்திருக்கிறான், நாங்கள் முதல் கையெழுத்துக்குச் சண்டை போட்டிருக்கிறோம்.

பின்னால் வந்த பஸ்ஸில் அவரை ஏற்றிக்கொண்டு அரியலூர் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்கு முன்பே வந்திருந்த டாக்டரம்மா டிரைவரைப் பார்த்ததும், மாத்திரையின் வேலை இன்னும் ஓயவில்லை, மறுபடியும் தாழலாம் என்று கூட்டம் நடந்த ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்துக் கஞ்சி கொடுக்கச் சொன்னார். எங்களிடம், "ரிப்போர்ட் எங்கே?" என்றார்.

மருந்துக்காரர்தான் எங்களைத் தனியே கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார். "ஸ்டியரிங்ல இருக்கும்போது மயக்கம் வந்துச்சுன்னு எழுதினா அவரு வேல போயிருமேங்க?" அது எங்கள் தோலைக் காப்பாற்றும் பேச்சும்தான், ஆனால் பொய்யான பேச்சு இல்லை. விரல் போகாமலே வேலை போய்விடும். டாக்டர் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். கடைசியில் மூவருமாகக் கட்டிலருகே போய் அவரிடமே கேட்டோம்.

கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எழுதுங்க சிஸ்டர். பின்னாடி நாப்பது பேரு உக்காந்திருந்தாங்கல்ல."

எழுதினோம். நாங்கள் கொண்டுபோயிருந்த பன்னிரண்டு பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரே பக்கம். யார் எந்த வேளையை நிறுத்தினோம், யாரை யார் கேட்கவில்லை என்று. பெரிய டாக்டர்கள் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் ஆளுக்கு மூன்று வரியாகப் படித்தோம். என் முறை வந்தபோது முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பாஸா ஃபெயிலான்னு இப்பச் சொல்ல மாட்டேன். இன்னும் மூணு வாரம் இருக்கு," என்றார்.

அந்த மூன்று வாரமும் தினமும் காலையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், ஒரே நோட்டு. டிரைவரின் மனைவியையும் வரவழைத்தோம். அவர் வந்ததும் எங்களை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு, அதன்பிறகு நோட்டில் என்ன எழுதலாம் என்று சொன்னார். மூன்று வேளையும் அளவாகச் சாப்பாடு, மாத்திரை பழையபடி ஒன்று. கரைசல் ஒரு நாள் பச்சை, ஒரு நாள் நீலம். புண் மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வந்தது. விரல் தப்பிவிட்டது.

ஆனால் வேலை? அதுவரை அவரை வண்டியிலிருந்து இறக்கி வைத்திருந்த பஸ் முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் தோல் பை, முகத்தில் துளி நம்பிக்கை கிடையாது. டாக்டரம்மா எங்களைக் காட்டினார். "இவங்களக் கேளுங்க. மூணு பேரும் சரின்னாதான் சரி."

முதலாளி எங்களை மேலும் கீழும் பார்த்தார். "காயிதத்துல யாரு வேணும்னாலும் எழுதலாங்க. மொத டிரிப்பு இவங்க மூணு பேரும் முன் சீட்டுல உக்காந்து அரியலூர் போயிட்டு வரட்டும். அப்ப நம்புறேன்."

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் போய் நின்றோம். வெங்காயக்கார அம்மா உட்படப் பழைய கூட்டம் மொத்தமும் கீழேயே நின்றது. நாங்கள் ஏறினால்தான் ஏறுவார்களாம். டிரைவர் படிக்கட்டில் உட்கார்ந்து, மனைவி கட்டிக்கொடுத்த நாலு இட்லியைப் பொறுமையாகச் சாப்பிட்டார். ஒவ்வொரு வாய்க்கும் ஊரே கணக்குப் பார்த்தது. கை கழுவி, சீட்டில் ஏறி, என்ஜினைப் போட்டார். நாங்கள் முன் சீட்டில் போய் உட்கார்ந்தோம். டாக்டர் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். பின்னால் எல்லோரும் ஏறினார்கள்.

டிரைவர் திரும்பி எங்களைப் பார்த்தார். "போலாங்களா?"

டாக்டர் மருந்துக்காரரைப் பார்த்தார், மருந்துக்காரர் என்னைப் பார்த்தார், நான் டாக்டரைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் பதில் சொன்னோம்.